அறுபது வீட்டு நோட்டு

மூடிய கதவைத் திறக்க வைப்பதற்கு அவளிடம் ஒரு வழி இருந்தது. அழைப்பு மணியை ஒரே ஒரு தடவை அழுத்துவாள். பிறகு இரண்டடி பின்னால் நகர்ந்து, உள்ளிருந்து பார்ப்பவருக்கு முகம் முழுதாகத் தெரியும்படி நிற்பாள். கதவு திறந்ததும், "எதுவும் விக்க வரலைங்க," என்பாள். பாதிப் பேர் அந்த நிம்மதியிலேயே நாற்காலியை இழுத்துப் போட்டுவிடுவார்கள். மீதிப் பேரில் சிலர் நின்ற இடத்திலேயே பேசுவார்கள், சிலர் கதவைச் சாத்துவார்கள். ஒருவர் நாயை அவிழ்த்துவிட்டார். மூன்றாம் நாள் அதே வீட்டுக்குத் திரும்பப் போய், நாயையும் தாண்டிக் கேள்விகளை முடித்துவிட்டு வந்தாள் என்பது அவள் அலுவலகத்தில் இன்றும் சொல்லப்படும் கதை.

கருத்துக் கணிப்பு நிறுவனம் ஒன்றில் பதினோரு வருடமாக வேலை. எந்தச் சோப்பு போடுகிறீர்கள், எந்தப் பற்பசை, டிவியில் எந்த நேரத்துச் செய்தி என்று வீடு வீடாகக் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். முடித்த வீட்டுக்கு இவ்வளவு என்று கூலி. தெருக்களில் அவளுக்குக் கேள்விக்காரி என்று பெயர். புருஷன் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். "ஊரெல்லாம் போய்க் கேள்வி மட்டும் கேக்கறே. வீட்டுல மட்டும் ஏம்மா கேள்வி, பதில் ரெண்டையும் நீயே சொல்லிடறே?" என்பார்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் ஒரு தப்பு செய்திருந்தாள். நல்ல மழை. ஒரு கடை நிழலில் ஒதுங்கியவள், மீதமிருந்த மூன்று வீட்டுப் படிவங்களைத் தானே கற்பனையாக நிரப்பிவிட்டாள். அலுவலகத்திலிருந்து ஒருவர் சரிபார்க்கப் போனபோது, அதில் ஒரு வீடு பூட்டிக் கிடந்த மூட்டைக் கிடங்கு என்று தெரிந்தது. மறுநாள் எல்லோர் முன்னாலும் மேலாளர் படிவத்தைத் தூக்கிப் பிடித்து, "அந்தக் கிடங்கு எலி எந்தச் சோப்பு போட்டுக் குளிக்குதுன்னு எழுதியிருக்கீங்க?" என்று கேட்டார். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. அன்று பட்ட சூடு ஆறவேயில்லை. அதற்குப் பிறகு சொன்னதைச் சொன்னபடிதான் எழுதினாள். ஒரு புள்ளி கூட்டியதில்லை, குறைத்ததில்லை.

வருமானம் குறைந்த வீட்டுப் பெண்களுக்கு மாதாமாதம் உதவிப் பணம், நேரே வங்கிக் கணக்கில், என்று ஆட்சியில் இருந்த தலைவர் அறிவித்த வருடம் அவளுடைய நிறுவனத்துக்கு ஒரு பெரிய வேலை வந்தது. யார் கொடுத்த வேலை என்பதைக் கள ஆட்களுக்குச் சொல்லும் வழக்கமில்லை. அவளுக்கு ஒதுக்கியது பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் இருந்த மூன்று தெருக்கள். அவள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. அறுபது வீடுகள். ஒரே ஆட்களை மூன்று தடவை பார்க்க வேண்டும்: பணம் வருவதற்கு முன், வந்த பிறகு, தேர்தலுக்குக் கொஞ்சம் முன். கேள்விகள் முப்பத்திரண்டு. முக்கியமானது ஒன்றுதான்: தலைவரின் ஆட்சி எப்படி இருக்கிறது? மிக நல்லது, நல்லது, சுமார், மோசம், மிக மோசம் என்று ஐந்து வரி அச்சிட்ட அட்டையைக் கையில் கொடுத்து, ஒன்றைத் தொடச் சொல்ல வேண்டும்.

முதல் சுற்றில் வசவு மழை. குழாயில் தண்ணீர் வருவதில்லை, வாடகை ஏறிவிட்டது, சாக்கடை தெருவுக்கு வந்துவிட்டது என்று ஆளுக்கொரு பாட்டு. இருபத்தேழாம் எண் வீட்டின் முன்னறையில் தையல் கடை வைத்திருந்த தையல்காரி, வாயில் குண்டூசியைக் கவ்வியபடியே அட்டையைப் பார்த்தாள். பிறகு ஊசியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "மிக மோசத்துக்கு அடியில இன்னொரு வரி இல்லையா?" என்று கேட்டாள்.

"இதோட முடியுதுங்க."

"அப்ப அதையே போடு. கஞ்சப் பயலுக அட்டையையும் பாதியில நிறுத்திட்டானுங்க."

அந்தச் சுற்றின் ஐந்தாம் நாள் அவளுடைய கைபேசி செத்துப்போனது. அதில் ஏற்றியிருந்த பதினெட்டு வீட்டுப் பதில்களும் போயின. கூலி இல்லாமல் பதினெட்டு வீட்டுக்கும் மறுபடி நடந்தாள். பதில்களைக் காகிதத்தில் எழுதக் கூடாது என்பது நிறுவனத்தின் கண்டிப்பான விதி. அவளுக்கும் அது தெரியும். ஆனாலும் அன்று சாயந்தரமே பச்சை அட்டை போட்ட ஒரு நாற்பது பக்க நோட்டை வாங்கினாள். இடது பக்கம் வீட்டு எண், பக்கத்தில் பேர், அதற்கு நேரே மூன்று கட்டம். ஒவ்வொரு வீட்டை விட்டு வெளியே வந்ததும் தெரு ஓரத்தில் நின்று, மிக நல்லதுக்கு ஐந்து, மிக மோசத்துக்கு ஒன்று என்ற கணக்கில் ஓர் எண்ணைப் பென்சிலால் குறித்துக்கொண்டாள். இன்னொரு தடவை கைபேசி செத்தால் வேலை தப்பும் என்பதற்குமேல் அவள் அதில் எதையும் யோசிக்கவில்லை.

பணம் வந்தது. அதற்கடுத்த மாதமும் வந்தது. இரண்டாம் சுற்றுக்குப் போனபோது அதே வீடுகள், அதே ஆட்கள், முகம் மட்டும் வேறாக இருந்தது. துணி தேய்த்துக் கொடுக்கும் ஒரு பெண், பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "என் பேர்ல ஒரு கணக்கு, என் பேர்ல ஒரு பணம். கல்யாணமாகி இருபது வருஷத்துல யாரும் எனக்குன்னு ஒரு உறை நீட்டினதில்லைக்கா," என்றாள். அட்டையில் அவள் விரல் முதல் வரியில் போய் நின்றது. அதில் வேஷம் எதுவும் இல்லை என்பது கேள்விக்காரிக்குத் தெரிந்தது. பதினோரு வருடம் முகங்களைப் பார்த்தவளுக்கு மெய்க்கும் பொய்க்கும் வித்தியாசம் தெரியாமல் போகாது.

வீட்டிலேயே ஒரு சாட்சி இருந்தாள். புருஷனின் அக்கா, அவளுக்கு அண்ணி முறை, மாடி அறையில் தனியாக இருந்தாள். மருத்துவமனைச் சலவைக் கூடத்தில் வேலை பார்த்து முழங்கால் போனவள். ரத்த அழுத்தத்துக்கும் தைராய்டுக்கும் மாத்திரை. உதவிப் பணம் வந்ததிலிருந்து மாத்திரைக்குத் தம்பியிடம் கை நீட்டுவதில்லை. தலைவரின் படத்தைப் பத்திரிகையிலிருந்து கத்தரித்து, மாத்திரை டப்பாவின் மூடியில் ஒட்டி வைத்திருந்தாள். "கூடப் பொறந்தவன்கூட மாசம் தவறாம கொடுக்க மாட்டான்," என்று தம்பி காதில் விழும்படியே சொல்வாள். தம்பி தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுவார்.

தையல்காரிக்கும் பணம் வந்திருந்தது. ஆனாலும் அவள் விரல் மேலே ஏற மறுத்தது.

"பணம் நல்லதுதான். வேணாம்னு சொல்ல நான் என்ன சாமியாரா? ஆனா நீ கேக்கறது அவரு நல்லா ஆளுறாரான்னு. அது வேற கேள்வி. சாக்கடை இன்னும் என் வாசல்லதான் ஓடுது. மோசம்னு போடு."

"போன தடவை மிக மோசம்னு சொன்னீங்க."

"அதான் ஒரு படி ஏத்திட்டேனே. வாங்கின பணத்துக்கு அது போதும்."

அவளுக்கு அடுத்த வீட்டில் ஒரு முட்டை வியாபாரி குடும்பம். ஒரே சுவர், ஒரே மாதிரி ஓட்டை உடைசல். அந்த வீட்டுப் பெண்ணின் மனு மட்டும் ஏதோ காரணத்துக்காகத் தள்ளுபடியாகியிருந்தது. முதல் சுற்றில் சுமார் என்று சொன்னவள், இப்போது அட்டையை வாங்கிப் பார்க்கவேயில்லை. "கடைசி வரி," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். பணம் வந்த வீட்டில் மனசு குளிர்ந்ததைப் போலவே, வராத வீட்டில் அது கொதித்ததையும் கேள்விக்காரி பார்த்தாள். அறுபதில் பதினோரு வீடுகள் மட்டும் கீழ் இரண்டு வரிகளில் நின்றன. எல்லாம் நோட்டில் ஏறியது.

மூன்றாம் சுற்றுக்கு மூன்று வாரம் முன்பு, பட்டியல் மறு ஆய்வு என்று ஒரு பேச்சு கிளம்பியது. தகுதி இல்லாதவர்களை நீக்கப் போகிறார்களாம். அந்த மாதம் சிலருக்குப் பணம் வரவில்லை. தையல்காரிக்கும் வரவில்லை. ஏன் என்று கேட்டால் வங்கி அரசு அலுவலகத்தைக் காட்டியது, அந்த அலுவலகம் வங்கியைக் காட்டியது.

கேள்விக்காரி முதல் வீட்டு மணியை அழுத்திவிட்டுப் பின்னால் நகர்ந்து நின்றபோதே ஏதோ சரியில்லை என்று பட்டது. திரை விலகியது, மூடியது. உள்ளே யாரோ யாரையோ அடக்கினார்கள். கதவைத் திறந்த பெண்ணின் முகத்தில் சிரிப்பு ஒட்டவைத்ததுபோல் இருந்தது.

"மிக நல்லதுங்க," என்றாள்.

"நான் இன்னும் எதுவும் கேக்கலையேம்மா."

"என்ன கேட்டாலும் மிக நல்லதுதாங்க. அப்படியே எழுதிக்கோங்க."

இரண்டாம் வீட்டிலும் அதே. நாலாம் வீட்டில் தண்ணீர் வருகிறதா என்ற கேள்விக்குக்கூட மிக நல்லது என்று பதில் வந்தது. காலிக் குடங்கள் அவள் கண் முன்னால் வரிசையாக இருந்தன. ஒன்பதாம் வீட்டுப் பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "போன தடவை ஏதாவது வாய் தவறிச் சொல்லியிருந்தா அதை அழிச்சிடுங்கக்கா. மாமியாரோட சண்டை போட்ட கோபத்துல இருந்தேன் அன்னிக்கு." துணி தேய்க்கும் பெண், போன தடவை மனசாரத் தொட்ட அதே முதல் வரியை, இந்தத் தடவை அட்டையைப் பார்க்காமலே தொட்டாள். மெய்யாகச் சொன்ன பதிலும் பயந்து சொன்ன பதிலும் கைபேசியில் ஒரே எண்ணாகத்தான் பதிவானது.

இருபத்தேழாம் வீட்டில் தையல்காரி எழுந்திருக்கவில்லை. இயந்திரத்தை மிதித்துக்கொண்டே இருந்தாள். தையல் ஓடி முடிந்த பிறகுதான் தலையை நிமிர்த்தினாள்.

"வந்துட்டியா? இன்னும் யாரு பேரை எழுதணும்?"

"நான் யாரு பேரையும் எழுதிக் கொடுக்கலைங்க. நிறுத்தினதுக்கும் இதுக்கும்—"

"தெரு முழுக்க எல்லாருக்கும் வாய் இருக்கு. மோசம்னு சொன்னது நான். பணம் நின்னது எனக்கு. நீ எங்க வீட்டு வாசல்லேருந்து எறங்கி, அந்த மூலையில நின்னு நோட்டுல எழுதினதை நான் ஜன்னல் வழியா பார்த்தேன். அது என்ன, கோலமா போட்டே?"

நோட்டு அப்போதும் தோள்பையில்தான் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். ஆமாம் என்று சொன்னால் மீதியை யார் நம்புவார்கள்? "நான் சொன்னதை நம்புங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள். பின்னால் இயந்திரம் மறுபடி கடகடவென்று ஓட ஆரம்பித்தது.

வரும் வழியெல்லாம் ஒரே யோசனை. நோட்டை யாராவது பார்த்திருப்பார்களோ? ஒரு நாள் டீக்கடைப் பலகையில் வைத்துவிட்டு, கால்மணி நேரம் கழித்துப் போய் எடுத்தாளே. ஒரு நாள் மாடியில் அண்ணியின் அறையில் மறந்து வைத்திருந்தாளே.

மறுநாள் சாயந்தரம், டீ போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் கொடிக்கம்பம் வந்தார். ஆளும் கட்சியின் வட்டாரப் பொறுப்பாளர். ஒல்லியாக, நெடுநெடுவென்று, எங்கே நின்றாலும் தலைக்கு மேலே ஏதாவது பறக்க வேண்டியது பாக்கி என்பதுபோல் இருப்பார். பேர் அப்படித்தான் வந்தது. கெட்ட வார்த்தை பேச மாட்டார். குரலை உயர்த்த மாட்டார். அதனாலேயே அவரைக் கண்டால் எல்லோருக்கும் உதறல்.

டீயை வாங்கிக் குடித்தார். லிஃப்ட் வேலை எப்படிப் போகிறது என்று புருஷனிடம் விசாரித்தார். பிறகு தம்ளரைக் கீழே வைத்தார்.

"தங்கச்சி, அந்தப் பச்சை நோட்டை ஒரு நாளைக்குக் கொடுக்கணும். படம் எடுத்துட்டு அப்படியே தந்துடறேன்."

"எந்த நோட்டுங்கண்ணே?"

"டீக்கடையில உக்காந்து தினம் பார்க்கறேனே. ஒரு வீட்டுலேருந்து வெளிய வர்றீங்க, ஒரு வரி எழுதறீங்க. அதேதான்."

"அது யாருக்கும் காட்டறது இல்லைங்க. சொல்றதை வெளிய விட மாட்டேன்னு சொல்லித்தான் ஒவ்வொரு வீட்டுலயும் பதில் வாங்கறேன்."

"வெளியன்னா? நான் என்ன வெளி ஆளா?" அவர் சிரித்தார். "யாருக்கு மனக்குறை இருக்குன்னு தெரிஞ்சாதானே போய்ப் பேசிச் சரி பண்ண முடியும். மேலேருந்து என் கழுத்தைப் பிடிக்கறாங்க. பணமும் வாங்கிக்கிட்டு மோசம்னு சொல்றது யாருன்னு கேக்கறாங்க. நான் என்ன பதில் சொல்றது?"

கொடிக்கம்பம் எழுந்தார். மாடிப்படியை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார்.

"அக்காவுக்கு முழங்கால் பரவாயில்லையா? நாளைக்குச் சமுதாயக் கூடத்துல மறு ஆய்வு முகாம். அவங்களும் வருவாங்கல்ல? பத்து மணிக்கு நான் அங்கதான் இருப்பேன். நோட்டைக் கையோட கொண்டு வந்துடுங்க."

அவர் தெருமுனை திரும்பினார். பிறகு புருஷன், "கொடுத்துடு," என்றார்.

"அறுபது குடும்பங்க அது."

"நம்ம குடும்பம் அறுபத்தொண்ணாவதா? அக்காவோட மாத்திரைக்கு யாரு பதில் சொல்றது? நீ எழுதக் கூடாததை எழுதினே. இப்ப அவன் கேக்கறான். முழுசா நனைஞ்ச பிறகு முக்காடு எதுக்கு?"

"எழுதினது என் தப்புதான். அதுக்காக அவங்களைக் காட்டிக் கொடுக்கறது ரெண்டாவது தப்பு."

படியில் சத்தம் கேட்டது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அண்ணி பாதிவரை இறங்கி நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"கொடுத்தா என்னம்மா?" என்றாள். "குறையைத் தீர்க்கத்தானே கேக்கறாங்க? அவ்வளவு நல்ல மனுஷன் பேர்ல வர்றவங்க கெடுதலா பண்ணுவாங்க?"

அண்ணி மெய்யாகவே அப்படி நம்பினாள். அதுதான் கேள்விக்காரிக்கு எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது. பயத்தில் சொல்லியிருந்தால் சமாதானம் சொல்லலாம். இந்த நம்பிக்கைக்கு என்ன பதில் சொல்வது?

காலையில் எட்டு மணிக்குக் கிளம்பிவிட்டாள். புருஷன் வாசலில் நின்று, "கூடத்துக்குத்தானே?" என்று கேட்டார். "ஆமா, போற வழியில ஒரு வேலை," என்றாள்.

தையல்காரி அப்போதுதான் கடையைத் திறந்து கூட்டிக்கொண்டிருந்தாள். கேள்விக்காரி உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். நோட்டை மேசைமேல் விரித்தாள். இருபத்தேழாம் வரிக்கு மேலும் கீழும் உள்ளதை இரண்டு உள்ளங்கைகளாலும் மறைத்துக்கொண்டாள்.

"இது மட்டும் உங்களுது. படிங்க."

தையல்காரி குனிந்து பார்த்தாள். ஒன்று, இரண்டு என்று இரண்டு எண்கள். மூன்றாம் கட்டம் காலி.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான். இதை இன்னிவரைக்கும் யாருக்கும் காட்டினதில்லை. யாராவது எனக்குத் தெரியாமப் பார்த்தாங்களான்னு கேட்டா, சத்தியம் பண்ண என்னால முடியாது. இப்ப கொடிக்கம்பம் கேக்கறாரு. பத்து மணிக்குக் கொடுக்கணுமாம்."

தையல்காரி அவள் முகத்தையே பார்த்தாள். "உன்னை யாரு இதை எழுதச் சொன்னது?"

"யாரும் சொல்லலை. புத்தி கெட்டுப் போய் எழுதினேன். உங்க கத்திரிக்கோலைக் கொடுங்க."

தையல்காரியின் கை மேசைமேலிருந்த பெரிய கத்திரிக்கோலை நோக்கிப் போனது. பாதியில் நின்றது.

"இதுல காகிதம் வெட்டினா முனை மழுங்கிடும்," என்றாள். இழுப்பறையைத் துழாவி ஒரு பழைய கத்திரிக்கோலை எடுத்துக் கொடுத்தாள்.

கேள்விக்காரி நின்றபடியே வெட்டினாள். முதலில் நீளவாக்கில், பேர்களும் எண்களும் தனித்தனியாக. பிறகு குறுக்கே, அரிசி அளவுக்கு. பழைய கத்திரிக்கோல் சரியாக வெட்டவில்லை, கட்டைவிரலில் தோல் உரிந்தது. தையல்காரி வெட்டுத் துணிக் கோணியை இழுத்துப் பிடித்தாள். காகிதத் துணுக்குகள் துணித் துண்டுகளோடு கலந்து விழுந்தன. கடைசியில் பச்சை அட்டையையும் வெட்டிப் போட்டாள்.

சமுதாயக் கூடத்தில் வரிசை வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்திருந்தது. மூன்று தெருப் பெண்களும் அங்கேதான் நின்றார்கள். ஒரு மேசை, இரண்டு அலுவலர்கள், விரல் ரேகை வைக்கும் இயந்திரம். பக்கத்தில் நாற்காலி போட்டுக் கொடிக்கம்பம். வரிசையில் இருபதாவது ஆளாக அண்ணி, சுவரில் சாய்ந்து நின்றாள்.

கேள்விக்காரி உள்ளே நுழைந்ததும் பேச்சு ஒவ்வொன்றாக நின்றது. அவளுடைய செருப்புச் சத்தம் அவளுக்கே கேட்டது. கொடிக்கம்பம் கையை நீட்டினார்.

"நோட்டு இல்லைங்கண்ணே."

"வீட்டுல மறந்துட்டீங்களா? பரவாயில்லை, ஆளை அனுப்பறேன்."

"எங்கயும் இல்லை. வெட்டிப் போட்டுட்டேன்." வரிசையின் கடைசிவரைக்கும் கேட்கும்படிதான் சொன்னாள். "இந்தத் தெருவுல யாரு என்ன சொன்னாங்கன்னு என்கிட்ட இப்ப எழுத்துல எதுவும் கிடையாது. கேட்டாலும் வாய்வழியா வராது. அலுவலகத்துக்குப் போன பதிலிலயும் பேர் கிடையாது."

யாரோ ஒரு கைக்குழந்தையைத் தோள் மாற்றினார்கள். அலுவலர் ஒருவர் பேனாவை மூடித் திறந்தார். கொடிக்கம்பத்தின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, காதுகள் மட்டும் சிவந்தன.

"என்ன தங்கச்சி, ஏதோ ரகசியம் மாதிரி பேசறீங்க? யாரு என்ன கேட்டா உங்களை?" என்றார். பிறகு மேசைப் பக்கம் திரும்பி, அலுவலரிடம் மெதுவாக ஏதோ சொன்னார்.

அண்ணியின் முறை வந்தபோது இயந்திரம் ரேகையை ஏற்றுக்கொண்டது. ஆனாலும் அலுவலர் தாளைப் பார்த்தபடி, "உங்க பேரு ஆய்வுல இருக்கும்மா. முடிஞ்சதும் சொல்லி அனுப்புவாங்க," என்றார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

வீட்டுக்கு வரும்வரை அண்ணி கேள்விக்காரியின் கையைப் பிடிக்க மறுத்துவிட்டாள். முழங்கால் வலியோடு தனியாகவே நடந்தாள். படியேறும் முன் திரும்பி, "ஊருக்கு நல்லவளா இருந்துட்டே. சந்தோஷம்," என்றாள். அதற்குப் பிறகு ஆறு வாரம் பேசவில்லை.

அந்தப் பக்கம் அலுவலகத்திலும் இடி விழுந்தது. மூன்றாம் சுற்றில் அறுபதுக்கு ஐம்பத்தேழு பேர் மிக நல்லது. கீழ் இரண்டு வரிகளில் ஒருவர்கூட இல்லை. தையல்காரி மட்டும் பதில் சொல்லவே மறுத்துவிட்டாள். கண்காணிப்பாளர், வயதில் அவளைவிடப் பத்து வருடம் இளைய பெண், வாயெல்லாம் பல்லாக இருந்தாள். ஆனால் குறிப்பு எழுதும் இடத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் கேள்விக்காரி ஒரே வரியை எழுதியிருந்தாள்: கேட்பதற்கு முன்பே பதில் வந்தது, பயத்தில் சொல்கிறார்கள்.

"அக்கா, குறிப்பை எடுத்துடுங்க. பயம்னு அளக்கறதுக்கு நம்மகிட்ட கேள்வி கிடையாது. வேலை கொடுத்தவங்களுக்கு எண்ணுதான் வேணும்."

"எண்ணை நான் மாத்தலையே. அவங்க சொன்னதைச் சொன்னபடி போட்டிருக்கேன். நான் பார்த்ததையும் பார்த்தபடி போட்டிருக்கேன்."

"அப்ப நானே எடுத்துக்கறேன்," என்றாள் கண்காணிப்பாளர். எடுத்தும்விட்டாள். அடுத்த வேலைக்கான பட்டியலில் கேள்விக்காரியின் பேர் இல்லை.

தேர்தல் முடிந்தது. மொத்தத்தில் தலைவர் ஜெயித்துவிட்டார், எதிர்பார்த்ததைவிடக் குறைந்த வித்தியாசத்தில். ஆனால் அந்த மூன்று தெருக்களின் வாக்குச் சாவடியில் அவருக்கு விழுந்தது பாதிக்கும் கீழே. பத்துக்கு ஒன்பதுக்கு மேல் என்று அறிக்கை கொடுத்த நிறுவனத்துக்கு மூக்கு உடைந்தது. மறு வாரமே கண்காணிப்பாளர் தொலைபேசியில் கூப்பிட்டாள். எடுத்தவுடன், "அக்கா, அந்தக் குறிப்பு உங்க ஞாபகத்துல இருக்கா?" என்றாள். இருந்தது. சொன்னாள். அடுத்த மாதம் வேலைப் பட்டியலில் அவள் பேர் வந்தது, மன்னிப்பு எதுவும் வரவில்லை.

அண்ணியின் பணம் நாலு மாதம் நின்றது. அந்த நாலு மாதமும் மாத்திரை வாங்கியது தம்பி. நோட்டைக் கொடுத்துவிடு என்று சொன்ன அதே மனிதர், வேலைக்கு அரை நாள் லீவு போட்டு அரசு அலுவலகப் படி ஏறினார். ஏழு தடவை. ஏழாவது தடவை அந்தக் கட்டடத்து லிஃப்ட் பாதியில் நின்றது. கூலி வாங்காமல் அதைச் சரிசெய்து கொடுத்துவிட்டு அக்காவின் மனுவை நகர வைத்துவிட்டு வந்தார். "லஞ்சம் இல்லை, உழைப்பு," என்று வீட்டில் வந்து சொன்னபோது, முகாமுக்குப் பிறகு முதல் தடவையாக மூன்று பேரும் சேர்ந்து சிரித்தார்கள்.

அதற்கடுத்த நாள் கேள்விக்காரி மாடிக்குச் சாப்பாடு கொண்டுபோனாள். மாத்திரை டப்பாவின் மூடியில் படம் அப்படியே இருந்தது.

"அண்ணி, ஒண்ணு கேக்கலாமா? பணம் நின்ன பிறகும் ஓட்டு அவருக்கேவா போட்டீங்க?"

"பின்ன? கொடுத்தது அவரு. நிறுத்தினது கொடிக்கம்பம். அதுக்கு அவரு என்ன பண்ணுவாரு, பாவம்."

கேள்விக்காரி சாப்பாட்டுத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினாள். பதினோரு வருட அனுபவத்தில் இப்படி ஒரு பதிலோடு வாதாடக் கூடாது என்று கற்றிருந்தாள்.

தையல்காரியின் விஷயமும் ஒருவழியாகத் தெரிந்தது. வங்கிக் கணக்கில் அவள் பேரில் ஓர் எழுத்து கூடுதல், அடையாள அட்டையில் ஓர் எழுத்து குறைவு. மறு ஆய்வில் கணினி இரண்டும் வேறு ஆள் என்று தள்ளிவிட்டது. யாரும் காட்டிக் கொடுக்கவில்லை, யாரும் பழிவாங்கவில்லை. ஓர் எழுத்தைத் திருத்த ஐந்து மாதம் ஆனது. பணம் வந்த அன்று தையல்காரி அவளைத் தெருவில் பார்த்து நிறுத்தினாள்.

"வந்துடுச்சு. எழுத்துப் பிழையாம்."

"கேள்விப்பட்டேன்."

"அன்னிக்கு உன்கிட்ட கத்தினேனே, அதுக்கு நான் வருத்தப்படலை. தெரிஞ்சுக்கோ. நீ அதை எழுதியே இருக்கக் கூடாது."

"இருக்கக் கூடாதுதான்," என்றாள் கேள்விக்காரி.

தையல்காரி கேள்விக்காரியின் ரவிக்கைத் தோளைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். "இந்தத் தோள் இறக்கத்தை எவ தைச்சா? கண்றாவியா இருக்கு. கழட்டிக் கொண்டு வா," என்று சொல்லிவிட்டுக் கடைக்குள் போனாள்.